அறமும் அறிவும் போற்றிய இராஜா ராம்மோகனராயர்

நீதி வேண்டும், உரிமை வேண்டும் என்று கேளாதார் உலகிலே இலர். தமக்கு ஓர் இடர் நேர்ந்தவிடத்து ஊமையனும் கைநீட்டி முறையிடுவான். ஆனால், தமக்கு வேண்டும் அதே நீதி அயலானுக்கும், தம்மை எதிர்ப்பவனுக்கும், தம் வீட்டு அடுக்களையிலே வாய்திறவாதிருக்கும் பெண்ணுக்கும் வேண்டுமென்று கேட்பவர் மிகச் சிலரே. அத்தகையோரின் தொகை குறையக் குறையப் பொதுவாழ்வு சீர்கெடுகின்றது. கூட்டத்திலே பேசும் நீதி ஒன்று, வீட்டிலே நடக்கும் நீதி வேறொன்று. நம்மவர் செய்த பிழைக்கு ஓர் அளவுகோல், பிறர் செய்த பிழைக்கு மற்றோர் அளவுகோல். இவற்றைக் கண்டு பழகிய வாலிபர்கள் இலட்சியம் என்ற சொல்லைக் கேட்டாலே நகைக்கத் தொடங்கிவிடுகின்றார்கள். அந்த நகைப்பை நாம் குறைகூறிப் பயனில்லை. இலட்சியத்தைச் சொல்லால் மாத்திரமன்றி வாழ்வாலும் காட்டிய ஒருவரின் சரித்திரத்தை அவர்கள் முன் வைப்பதே தக்க மருந்தாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் அறிவொளிக் காலம் எனப் பெயர்பெற்ற ஒரு காலம் உண்டாயிற்று. எதனையும் காரணம் கேட்டு ஆராய்தல், மனச்சாட்சிக்குச் சுதந்திரம் அளித்தல், எழுத்துக்கும் பேச்சுக்கும் தடையின்மை, சட்டத்தின் முன் யாவரும் சமமெனக் கொள்ளுதல் என்பன அக்காலத்து அறிஞர் வற்புறுத்திய கொள்கைகள். இவை மேனாட்டாரின் பொருள், நமக்கு இரவற்பொருள் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். கீழ்நாட்டவருக்கு இவை பொருந்தா என்று எண்ணியோர் மேனாட்டாரிடையேயும் இருந்தனர். இவ்விரு சாராருக்கும் தம் வாழ்க்கையையே விடையாக அளித்தவர் வங்காளத்திலே தோன்றிய இராஜா ராம்மோகனராயர். அவருடைய வரலாற்றை இம்மலரிலே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

இளமையும் கல்வியும்

ராம்மோகனர் 1772ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்திலுள்ள இராதாநகர் என்னும் கிராமத்திலே பிராமண குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் இராமகாந்தர், தாயார் தாரிணிதேவி. தந்தை வழியினர் வைஷ்ணவர். தாய் வழியினர் சாக்தர். முன்னோர் நவாபுகளின் கீழ் உத்தியோகம் பார்த்தவர்கள். இராயர் என்னும் பட்டமும் அவ்வாறு வந்ததே.

அக்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தை நாடுவோர் பாரசீக மொழியையும், சாஸ்திரம் கற்போர் சம்ஸ்கிருத மொழியையும் பயில்வது வழக்கம். ராம்மோகனர் இரண்டையும் பயின்றார். அரபு மொழியையும் கற்றார். அரபு நூல்களைப் பாட்னாவிலும் சம்ஸ்கிருத நூல்களைக் காசியிலும் கற்றார் என்பது வழிவழி வந்த செய்தி. குர்ஆனையும், அரபு மொழியிலுள்ள தருக்க நூல்களையும், உபநிடதங்களையும் ஒருங்கே கற்ற அவ்விளைஞரின் உள்ளத்திலே, சமயங்கள் பலவாயினும் அவை கூறும் பரம்பொருள் ஒன்றே என்னும் எண்ணம் வேரூன்றியது.

1804ஆம் ஆண்டளவில் அவர் ஒரு சிறு நூலைப் பாரசீக மொழியில் எழுதி, அதற்கு அரபு மொழியிலே முன்னுரையும் சேர்த்து வெளியிட்டார். ஒருவன் ஒரு கொள்கையைத் தன் குலத்தார் கொண்டனர் என்பதனால் மாத்திரம் கொள்ளாது, தன் அறிவினால் ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பதே அந்நூலின் சாரம். இங்கே வாலிப அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ராம்மோகனர் ஆங்கிலம் கற்கத் தொடங்கியது இருபது வயதைக் கடந்த பின்னரே. அதுவும் ஆரம்பத்தில் மிக மெதுவாகவே நடந்தது. ஐரோப்பிய நூல்கள் அவர் அறிவை விரிவாக்கின என்பது உண்மை. ஆனால் காரணம் கேட்கும் பழக்கத்தை அவருக்கு முதன்முதல் ஊட்டியவை அரபுத் தருக்கமும் வேதாந்த விசாரணையுமேயாம். வெளியிலிருந்து வந்த விளக்கு ஒன்றினால் அவர் வீடு ஒளிபெறவில்லை. வீட்டிலிருந்த திரிகளையும் அவர் தூண்டிவிட்டார்.

பல்லக்கு வழியிலே நேர்ந்த அவமதிப்பு

1803ஆம் ஆண்டு முதற்கொண்டு ஏறத்தாழப் பன்னிரண்டு வருடங்கள் ராம்மோகனர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் உத்தியோகத்தர் சிலரிடம் பணிபுரிந்தார். அவருள் ஜோன் டிக்பி என்பவர் அவருக்கு மேலதிகாரியாக மாத்திரமன்றி நண்பராகவும் விளங்கினார். டிக்பியின் கடிதங்களைப் படித்தும், அவருக்கு வரும் ஐரோப்பியப் பத்திரிகைகளைப் படித்தும் ராம்மோகனர் ஆங்கிலத்தில் வல்லவரானார். பிரான்சு தேசத்திலே நிகழ்ந்த பெரும் புரட்சியின் போக்கையும் அவர் இவ்வாறே அறிந்துகொண்டார்.

1809ஆம் ஆண்டு பாகல்பூரிலே ஒரு சம்பவம் நிகழ்ந்தது. ராம்மோகனர் பல்லக்கிலே சென்றுகொண்டிருந்தார். வழியில் அவ்வூர்க் கலெக்டர் சேர் பிரெடெரிக் ஹமில்ரன் நின்றார். ஆங்கில அதிகாரியைக் கண்டால் இந்தியர் பல்லக்கினின்றும் இறங்கவேண்டுமென்பது அவர் எண்ணம். பல்லக்கு நிற்காமற் சென்றதைக் கண்டு அவர் சினங்கொண்டு வசைமொழி பேசினார். ராம்மோகனர் மரியாதையோடு விளக்கம் கூறியும் கலெக்டரின் கோபம் தணியவில்லை. ராம்மோகனர் பதிலுக்கு வசை பேசவில்லை. தம் வழியே சென்று, பின்னர் மகாதேசாதிபதி மின்ரோப் பிரபுவுக்கு விரிவான விண்ணப்பம் ஒன்றை எழுதினார். இத்தகைய அவமதிப்பை அரசாங்கம் பொறுக்குமாயின் மானமுள்ள இந்தியர் வெளியே நடமாடவும் இயலாதென்று அதிலே எடுத்துரைத்தார். அரசாங்கம் அக்கலெக்டரை எச்சரித்தது.

இவ்விண்ணப்பம் அவர் ஆங்கிலத்தில் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. அவர் தம் பொதுவாழ்வு முழுவதிலும் கைக்கொண்ட முறை இதிலேயே தெரிகின்றது. அடக்கமாகப் பேசுதல், ஆதாரம் காட்டுதல், யாவருமறிய எழுதுதல், எழுதியதிலிருந்து பின்வாங்காதிருத்தல் என்னும் நான்குமே அம்முறை.

கல்கத்தாவில் எழுந்த புயல்

உத்தியோகத்தினாலும், நிலத்தினாலும், வட்டிக்குப் பணம் கொடுத்ததனாலும் ஓரளவு செல்வம் தேடிக்கொண்ட ராம்மோகனர், தமது நாற்பதாம் வயதைக் கடந்தபின் கல்கத்தா நகரிலே குடியேறினார். 1815ஆம் ஆண்டில் ஆத்மீய சபை என்னும் நண்பர் கூட்டத்தைத் தாபித்தார். அதே ஆண்டில் வேதாந்த சூத்திரங்களை வங்காள மொழியிலே பெயர்த்து வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கேனம், ஈசம் ஆகிய உபநிடதங்கள் வெளிவந்தன. பண்டிதர் சிலருக்கே உரியதாகக் கருதப்பட்ட நூல்களைக் கடைவீதியிலுள்ள வணிகனும் வாசிக்கத்தக்க உரைநடையிலே எழுதி, பலருக்கு இலவசமாகவும் வழங்கினார். வங்காள உரைநடை வளர்ந்ததற்கு இம்முயற்சி பேருதவியாயிற்று.

பரம்பொருள் ஒன்றே, அதற்கு உருவமில்லை, மூர்த்தி வழிபாடு அவசியமன்று என்பது அவர் கொள்கை. திருக்கோயில் வழிபாட்டிலே ஊறி வளர்ந்த நமக்கு இக்கொள்கை உடன்பாடன்று. அக்காலத்திலும் பலருக்கு அது உடன்பாடாயிருக்கவில்லை. சென்னையிலிருந்து சங்கர சாஸ்திரியார் என்பவர் பத்திரிகை வாயிலாக மறுப்பெழுதினார். 1819ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த சுப்பிரமணிய சாஸ்திரியார் கல்கத்தாவிலே பெருஞ் சபையொன்றில் அவரோடு வாதம் புரிந்தார். ராம்மோகனர் இவர்களை இகழவில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து, மரியாதையோடு, சாஸ்திரப் பிரமாணங் காட்டி விடை எழுதினார். கொள்கையிலே நாம் எப்பக்கத்தில் நின்றாலும், வாதம் செய்யும் இந்த முறையை அவரிடம் கற்றுக்கொள்வதில் இழுக்கில்லை.

ஆனால் எதிர்ப்பு வாதத்தோடு நிற்கவில்லை. 1817ஆம் ஆண்டில் அவர் தமையனாரின் மகன் குடும்பச் சொத்தின் பொருட்டு அவர்மீது வழக்குத் தொடுத்தான். அவ்வழக்கிலே பெற்ற தாயே மகனுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். வழக்கு தள்ளுபடியாயிற்று, ஆயினும் தாயின் மனம் மாறவில்லை. தாரிணிதேவியார் பின்னர் பூரி சென்று, ஜகந்நாதர் சந்நிதியிலே எளிய தொண்டு செய்து காலங்கழித்து, 1822ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார். தம் நம்பிக்கைக்காகத் தாயன்பை இழந்த மகனும், தம் நம்பிக்கைக்காக மகனைத் துறந்த தாயும் ஆகிய இருவர் துயரமும் பெரிதே. இலட்சியத்துக்குக் கொடுக்கும் விலை சில வேளைகளில் நம்மோடு நின்றுவிடுவதில்லை. நம்மை நேசிப்போரும் அதிற் பங்கு கொடுக்க நேரிடுகின்றது. சரித்திரம் எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

உடன்கட்டைக் கொடுமை

ராம்மோகனரின் பெயர் என்றும் நிலைத்திருப்பதற்குக் காரணமானது, கணவன் சிதையிலே மனைவியை எரிக்கும் வழக்கத்துக்கு எதிராக அவர் செய்த போராட்டமாகும். கம்பெனி அரசாங்கம் 1815ஆம் ஆண்டு முதல் இவ்வாறு இறந்த பெண்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. வங்காள மாகாணத்திலே அவ்வாண்டில் 378 பேர். 1818ஆம் ஆண்டில் 839 பேர். 1815 முதல் 1828 வரையுள்ள பதினான்கு ஆண்டுகளிலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். இவை அதிகாரிகளின் பதிவிலே ஏறிய எண்கள் மாத்திரமே.

1818ஆம் ஆண்டில் ராம்மோகனர் இவ்வழக்கத்தை எதிர்த்து ஒரு சிறு நூலை வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். இவ்வழக்கத்தை ஆதரிப்பவர் ஒருவரும் எதிர்ப்பவர் ஒருவரும் உரையாடுவதாக அந்நூல் அமைந்தது. ஆதரிப்பவருடைய நியாயங்களை முதலில் முழுவதும் சொல்லவிட்டு, அதன்பின்பே அவற்றை ஒவ்வொன்றாக மறுத்தார். விதவை துறவொழுக்கம் பூண்டு வாழவேண்டுமென்று மனு கூறியிருத்தலை எடுத்துக்காட்டினார். பயன் கருதிச் செய்யும் கருமம் தாழ்ந்தது, பயன் கருதாததே உயர்ந்தது என்பது கீதையின் உபதேசமாயின், சுவர்க்கம் கருதி உயிர்விடுதல் எவ்வாறு உயர்ந்ததாகும் என்று வினவினார். சாஸ்திரம் எது கூறினும், பெண்ணைச் சிதையோடு கட்டி மூங்கிலால் அழுத்திப் பிடித்து எரிக்கும்படி எச்சாஸ்திரமும் விதிக்கவில்லையே. அது கொலையன்றோ என்பதே அவர் வாதத்தின் முடிவு.

1820ஆம் ஆண்டில் இரண்டாவது நூல் வெளிவந்தது. அதிலே அவர் பெண்களுக்காகப் பரிந்து பேசிய பகுதி நினைவுகூரத்தக்கது. பெண்களுக்கு அறிவு குறைவு என்று ஆண்கள் சொல்கிறார்கள். கல்வி கொடுத்துச் சோதித்துப் பார்த்தல்லவோ அப்படிச் சொல்லவேண்டும், கல்வியையும் மறுத்துவிட்டு அறிவில்லையென்று தீர்ப்பளிப்பது எவ்வகை நியாயம் என்று கேட்டார். விடியுமுன் எழுந்து வீடு மெழுகி, பாத்திரம் துலக்கி, எல்லோருக்கும் உணவிட்டு, மிஞ்சியதை உண்டு, வசையும் கேட்டு வாழும் மனைவியரின் நிலையை அவர் ஒளிக்காமல் எழுதினார். 1822ஆம் ஆண்டில் மற்றுமொரு சிறுநூல் எழுதி, தாய்க்கும் மகளுக்கும் பழைய தருமநூலார் அளித்த சொத்துரிமையைப் பிற்கால உரைகாரர் குறைத்துவிட்டனர் என்று நிறுவினார். பிழைக்க வழியில்லாத விதவைக்குச் சிதையே புகலிடமாகின்றது என்ற உண்மையை அவர் கண்டிருந்தார்.

1828ஆம் ஆண்டிலே மகாதேசாதிபதியாக வந்த வில்லியம் பென்ரிங் பிரபு இக்கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்க விரும்பி ராம்மோகனரின் கருத்தை அறிந்தார். ராம்மோகனர் திடீரெனத் தடைச்சட்டம் செய்வதை ஆதரிக்கவில்லை. மக்கள் மனம் கலங்குமென்றும், பொலிசார் மூலம் இடையூறுகளைப் பெருக்கிச் சிறிது சிறிதாக வழக்கத்தை அற்றுப்போகச் செய்தல் நன்றென்றும் அவர் கருதினார். பென்ரிங் பிரபு காத்திருக்கவில்லை. 1829ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி தடைச்சட்டம் நிறைவேறியது. இவ்விடயத்தில் ராம்மோகனரின் அச்சம் மிகையானதென்பதைப் பின் நிகழ்ச்சிகள் காட்டின. ஆயினும், தம் யோசனை ஏற்கப்படவில்லையே என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. சட்டம் வந்த மறுமாதமே அதனை வரவேற்கும் விண்ணப்பத்தோடு பென்ரிங் பிரபுவைச் சந்தித்தார். சட்டத்தை எதிர்த்தோர் தர்ம சபையைத் தாபித்து, இங்கிலாந்திலுள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தனர். 1832ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அம்மேன்முறையீடு தள்ளுபடியானபோது ராம்மோகனர் அங்கே நேரில் இருந்தார்.

பத்திரிகைச் சுதந்திரமும் கல்வியும்

ராம்மோகனர் 1821ஆம் ஆண்டில் வங்காள மொழியிலே சம்பாத் கௌமுதி என்னும் வாரப்பத்திரிகையோடு தொடர்புகொண்டார்; 1822ஆம் ஆண்டில் பாரசீக மொழியிலே மிராத்-உல்-அக்பார் என்னும் பத்திரிகையைத் தாமே தொடங்கினார். 1823ஆம் ஆண்டில், பதில் மகாதேசாதிபதியாயிருந்த ஜோன் அடம் என்பவர், அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றே பத்திரிகை நடத்தவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். ராம்மோகனரும் அவர் நண்பர் ஐவரும் கைச்சாத்திட்டு உயர்நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்தனர். ஆளுவோரின் குறைகளை ஆளுவோர் அறியும் வழியை அடைப்பது ஆளுவோருக்கே கேடு என்பது அவ்விண்ணப்பத்தின் கருத்து. நீதிபதி மறுத்துவிட்டார். இங்கிலாந்து அரசருக்கு விடுத்த முறையீடும் பயன்படவில்லை.

அப்போது அவர் செய்ததென்ன? அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்பதிலும் பத்திரிகையை நிறுத்திவிடுதல் மேல் என்று மிராத்-உல்-அக்பாரை மூடிவிட்டார். காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1835ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் மெற்காப் என்பவர் அத்தடையை நீக்கினார். அதைக் காண ராம்மோகனர் அப்போது உயிரோடில்லை.

கல்வி விடயத்திலும் அவர் நோக்கு இத்தகையதே. 1823ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மகாதேசாதிபதி அம்ஹெர்ஸ்ற் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியர் கல்விக்கென ஒதுக்கிய பணத்தை மற்றுமொரு சம்ஸ்கிருதக் கலாசாலைக்குச் செலவிடாது கணிதம், இயற்கைத் தத்துவம், இரசாயனம், உடற்கூற்றியல் முதலியவற்றைக் கற்பிக்கச் செலவிடும்படி வேண்டினார். சம்ஸ்கிருதத்தில் வல்ல ஒருவர் இவ்வாறு எழுதியது பலருக்கு வியப்பளித்தது. ஆயின், அவர் சம்ஸ்கிருதத்தை வெறுத்தாரல்லர். 1826ஆம் ஆண்டில் அவரே வேதாந்தக் கலாசாலை ஒன்றை அமைத்து, அங்கே வேதாந்தத்தோடு மேனாட்டு அறிவையும் இணைத்துக் கற்பிக்கச் செய்தார். 1817ஆம் ஆண்டில் இந்துக் கல்லூரி கல்கத்தாவில் தோன்றியபொழுது, அம்முயற்சியில் ஆர்வங்கொண்டிருந்தும், தம் பெயர் நிருவாக சபையில் இருந்தால் வைதிகர் உதவார் என்றறிந்து தாமாகவே விலகிக்கொண்டார். கல்லூரி எழுந்தாற் போதும், தம் பெயர் வேண்டியதில்லை என்று கருதிய அந்தப் பெருந்தன்மை பொதுப்பணி செய்வோர் அனைவருக்கும் வாய்ப்பதன்று.

பிறருக்கும் அதே நீதி

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய ஒரே அளவுகோலுக்கு வருவோம். ராம்மோகனர் இயேசுநாதரின் அறவுரைகளைப் போற்றி 1820ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களையும் திரித்துவக் கொள்கையையும் அவர் ஏற்காமையால் சீராம்பூர்ப் பாதிரிமார் சினந்தனர். நீண்ட வாதம் நிகழ்ந்தது. அவருடைய மூன்றாவது மறுப்பை அச்சிடப் பாதிரிமாரின் அச்சகம் இணங்கவில்லை. ராம்மோகனர் தமக்கென ஓர் அச்சகத்தை அமைத்து அதனை வெளியிட்டார். இந்து பண்டிதரிடம் கேட்ட அதே காரணத்தையே கிறிஸ்தவப் பாதிரியாரிடமும் கேட்டார்; ஒருவரிடம் கடுமையும் மற்றவரிடம் தயவும் காட்டவில்லை.

1826ஆம் ஆண்டின் ஜூரிச் சட்டம் இந்துக்களும் முஸ்லிம்களும் ஜூரிமாராக அமர இடமளித்தது. ஆனால் குற்றவாளி கிறிஸ்தவராயின் அவ்வழக்கில் அவர்கள் அமரலாகாது. பெரிய ஜூரிச் சபையிலும் அவர்களுக்கு இடமில்லை. இந்துவையோ முஸ்லிமையோ விசாரிக்கக் கிறிஸ்தவருக்குத் தடையில்லை. நமது இலங்கையிலே பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் 1811ஆம் ஆண்டிலேயே இந்நாட்டு மக்களை ஜூரிமாராக அமரச் செய்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். ராம்மோகனர் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒன்றுசேர்த்து, இருவர் பெயராலும் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். 1832ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் பெரிய ஜூரிச் சபையில் இந்தியர் அமரவும், சமாதான நீதிபதிகளாகவும் வழிவகுத்தது.

1828ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 20ஆந் திகதி அவர் பிரம சபையைத் தாபித்தார். 1830ஆம் ஆண்டில் அதற்கெனக் கட்டடம் அமைந்தபோது எழுதிய தருமசாதன உறுதியிலே இரு விதிகள் உண்டு. எக்குலத்தாரும் எம்மதத்தாரும் அங்கே வந்து வழிபடலாம் என்பது ஒன்று. பிறர் வழிபடும் எப்பொருளையும் அங்கே எவரும் இகழ்ந்து பேசலாகாது என்பது மற்றொன்று. மூர்த்தி வழிபாட்டை வாதத்திலே மறுத்தவர், அவ்வழிபாடு செய்வோரை இழிவுபடுத்துவதைத் தம் மண்டபத்திலே தடைசெய்தார். கொள்கையை மறுப்பது வேறு, மனிதரை இகழ்வது வேறு என்பதை இதனிலும் தெளிவாக யாரால் உணர்த்த இயலும்?

கடல் கடந்து

தில்லியிலே பெயரளவிற் சக்கரவர்த்தியாயிருந்த இரண்டாம் அக்பர் தமது உரிமைகளைப் பற்றி இங்கிலாந்தில் எடுத்துரைக்க ராம்மோகனரைத் தூதராக நியமித்து இராஜா என்னும் பட்டமும் அளித்தார். கம்பெனியார் அப்பட்டத்தை ஏற்கவில்லை. கடல் கடத்தல் சாதிக்கு இழுக்கு எனக் கருதிய அக்காலத்தில், 1830ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் கப்பலேறினார். வழியிலே நன்னம்பிக்கை முனையில், மக்கள் புரட்சியினால் மாறிய பிரான்சின் மூவர்ணக் கொடியைத் தாங்கிய கப்பல்களைக் கண்டபோது, கால் காயமுற்றிருந்தும் அக்கப்பலுக்குச் சென்று தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1821ஆம் ஆண்டில், நேப்பிள்ஸ் மக்களின் சுதந்திர முயற்சி தோல்வியுற்ற செய்தி கேட்டுத் தாம் செல்லவிருந்த ஒரு சந்திப்பையே தவிர்த்துவிட்டவர் அவர். கண்டறியாத நாட்டு மக்களின் துயரும் அவருக்குத் தம் துயராகவே இருந்தது.

1831ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் லிவர்ப்பூலில் இறங்கினார். அறிஞர் பலர் அவரைக் காண வந்தனர். முதியவரான ஜெரெமி பெந்தாமும் அவருள் ஒருவர். பாராளுமன்றத் தெரிகுழுவுக்கு அவர் இந்தியாவின் நீதிமுறை, நிலவரி என்பன பற்றி எழுத்துமூலம் விடையளித்தார். நீதி வழங்குவோரும் வரி தண்டுவோரும் ஒருவராயிருத்தல் ஆகாது என்றார். 1793ஆம் ஆண்டின் நிரந்தர ஏற்பாட்டினால் சமீன்தார்களின் வரி நிலையாக்கப்பட்டது போல, அவர்களுக்குக் கீழே உழும் குடியானவர் கொடுக்கும் குத்தகையும் நிலையாக்கப்படவேண்டும் என்றார். அவர் தாமும் நிலமுடையவர் என்பதை மறவாதிருப்போம். தம் வகுப்பாரின் ஆதாயத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும் துணிவு எளிதில் வருவதன்று. பிரான்சு அரசாங்கத்துக்கு எழுதிய ஒரு கடிதத்திலே, இரு நாடுகளுக்கிடையே தோன்றும் பிணக்குகளை இரு பாராளுமன்றங்களிலிருந்தும் சம தொகையினர் கூடிப் பேசித் தீர்க்கலாம் என்னும் யோசனையையும் வெளியிட்டார்.

1833ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் பிறிஸ்ரல் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்ரேப்பிள்ரன் குறோவ் என்னும் இல்லத்திலே நண்பரோடு தங்கியிருந்தபோது காய்ச்சலுற்று, 27ஆந் திகதி இறைவனடி சேர்ந்தார். அவர் மேனியிலே பூணூல் இறுதிவரை இருந்தது. முதலில் அவ்வில்லத்துத் தோட்டத்திலே அடக்கஞ் செய்யப்பெற்ற அவர் உடலை, 1843ஆம் ஆண்டில் நண்பர் துவாரகாநாத தாகூர் ஆர்னோஸ் வேல் மயானத்துக்கு மாற்றச் செய்து, இந்திய முறையிலே நினைவு மண்டபமும் எழுப்பினார். 1997ஆம் ஆண்டில் அந்நகரின் நடுவே அவருக்கு ஒரு சிலையும் நிறுவப்பட்டது.

குறையும் நிறையும்

ராம்மோகனரைக் குறையற்றவராக நாம் காட்டவில்லை. பலதார மணத்தைக் கண்டித்தவருக்கு இளமையிலேயே பெற்றோர் மூன்று மணம் செய்துவைத்திருந்தனர். கல்வியும் மூலதனமும் உடைய ஐரோப்பியர் இந்தியாவிலே குடியேறுதல் நாட்டுக்கு நன்மை பயக்கும் என்று அவர் நம்பினார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்கவில்லை. ஆங்கில ஆட்சியிலே அவர் வைத்த நம்பிக்கை அளவு கடந்ததென்று கூறுவோரும் உளர். இக்குறைகள் இருந்தமையாலேயே அவர் வாழ்வு நமக்குப் பயன்படுகின்றது. குறையில்லாதவரை வணங்கலாம்; பின்பற்றுதல் அரிது.

வாலிப அன்பர்களே! இலட்சியங்கள் பழையனவாகிவிட்டன என்று சோர்வடைய வேண்டாம். அவற்றை மீட்பதற்குப் பெருஞ் சபைகள் கூடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நமது சங்கக் கூட்டத்திலே ஒரு பிணக்கு எழும்போது, மறுபக்கத்தாரின் நியாயத்தை அவரே ஒப்புக்கொள்ளுமாறு முதலில் எடுத்துச் சொல்லி, அதன்பின் மறுப்போமாக. நம்மவர் ஒருவர் பிழை செய்தால், அதே பிழையை வேறொருவர் செய்திருப்பின் என்ன சொல்லியிருப்போம் என்று ஒருகணம் எண்ணுவோமாக. வீட்டிலே நம் தாய்க்கும் சகோதரிக்கும் பேச இடமளித்தபின் வெளியே சென்று உரிமை பேசுவோமாக. முதியோர்களும், காரணம் கேட்கும் இளைஞனை அடங்காதவன் என்று ஒதுக்காமல், அமர்ந்து விடை கூறுவார்களாக. தமக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுக்க மறுத்த அப்பெரியார், பிறர் வழிபடும் பொருளை இகழவும் தம் மண்டபத்திலே இடமளிக்கவில்லை என்பதை நாம் யாவரும் நினைவில் வைத்திருப்போமாக.